கல்யாண வீடியோவுக்கு இரண்டு சப்டைட்டில்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

தம்பி மகளின் கல்யாண வீடியோவில் யார் என்ன பேசுகிறார்கள் என்று காதில் விழவில்லை என்றீர்களே. கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து சப்டைட்டில் சேர்த்துவிட்டேன். இத்துடன் இருக்கும் பென்டிரைவை டிவியில் செருகி, ரிமோட்டில் சப்டைட்டில் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள்.

ஒரு சின்ன விஷயம். சாப்பிடும்போது நீங்கள் தம்பியிடம், "பெரியவ ஏன்டா வரல?" என்கிறீர்கள். "லீவு கிடைக்கலப்பா" என்று உங்கள் காதருகே கத்துகிறான். நீங்கள் தலையாட்டுகிறீர்கள். உடனே மனைவி பக்கம் திரும்பி, "லீவாவது ஒண்ணாவது. அவகிட்ட தேதிய தள்ளித்தானே சொன்னேன். வந்தா உக்காந்து நியாயம் பேசுவா" என்கிறான். அவள் சிரிக்கிறாள். கேமராவை இருவரும் மறந்துவிட்டார்கள். உங்களை மறக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை.

அவன் சொன்ன தேதிக்கு நான் டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். கல்யாணம் முடிந்த செய்திதான் வந்தது. வராதவள் என்ற கோபம் உங்களுக்கு இன்னும் இருப்பது தெரியும்.

முதல் சப்டைட்டிலில் அந்த இடத்தில் "பேச்சுச் சத்தம்" என்று மட்டும் போட்டிருக்கிறேன். பொத்தானை இன்னொருமுறை அழுத்தினால் இரண்டாவது வரும். அதில் எல்லாம் இருக்கிறது. நீங்கள் அவன் வீட்டில்தான் இருந்தாக வேண்டும். அதனால் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கும்போது டிவியில் எது ஓட வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம்.

வீடியோவில் உங்கள் முகம் பாதிதான் தெரிகிறது. நல்ல போட்டோ ஒன்று அனுப்புங்கள். அவனை எடுக்கச் சொல்லாதீர்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள்
பெரியவள்