கையெழுத்து மட்டும் உங்களுடையது

அக்கா,

இன்று எசன் நகர ரயில் நிலையத்தடியில் ஒரு திரையரங்கைக் கடந்தபோது, சீனி போட்ட சோளப்பொரியின் மணம் வந்தது. சோளப்பொரிக்கு ஆராவது சீனி போடுவினமோ என்று நீங்கள் முகம் சுளித்தது ஞாபகம் வந்து, நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். நீங்கள் போய்ப் பதினொரு மாதம்.

நாமிருவரும் அரங்குக்குப் போய்ப் பார்த்தது ஒரேயொரு படம். ஆபிரிக்க நாடொன்றின் இளம் அரசன், லண்டனில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் காதலித்துக் கலியாணம் செய்கிறான். பக்கத்து நாட்டு வெள்ளை ஆட்சியாளர்களின் மனம் கோணக்கூடாதென்று, பிரித்தானிய அரசு அவனைச் சொந்த மண்ணுக்குள் விட மறுக்கிறது. ஓர் அதிகாரி மேசையில் ஒரு தாளை வைக்கிறார். அவளை விட்டுவிட்டதாகக் கையெழுத்திட்டால் ஊர் திரும்பலாம். அரசன் பேனாவைப் பார்க்கிறான்.

"கையெழுத்து வையாதை!" என்று இருட்டில் சத்தமாகச் சொன்னீர்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. உங்களுக்கு முன்னாலும் ஒருநாள் அப்படியொரு தாள் வைக்கப்பட்டதே.

அப்போது எனக்குப் பதினாறு வயது. அண்ணையின் வீட்டில் இருந்தோம். உங்களுடைய அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. அனுமதிக் கடிதம் இல்லாமல் நகர எல்லையைத் தாண்டக்கூடாது. உங்கள் பத்திரங்கள் அண்ணையின் அலுமாரியில் பூட்டிக் கிடந்தன. விடுதியொன்றின் சலவைக்கூடத்தில் உங்களோடு ஈரப் படுக்கைவிரிப்புகளைத் தூக்கியவர், கானா நாட்டுக்காரர். இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஜெர்மன். 'ஆம்' என்பதற்கு நீங்கள் கற்றுக்கொடுத்த 'ஓம்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்தே அந்தாள் உங்களை நாள் முழுக்கச் சிரிக்க வைப்பார் என்று என்னிடம் மட்டும் சொன்னீர்கள். அவருக்கு ஸ்டுட்கார்ட்டில் வேலை கிடைத்தது. கட்டிக்கொண்டு கூட வரச்சொல்லிக் கேட்டார்.

அண்ணைக்குத் தெரியவந்தது.

"உந்தக் கறுப்பனைக் கட்டினா எங்கட சனம் எங்கட முகத்திலை முழிக்குமோ?"

"அண்ணை, நாங்கள் என்ன நிறம்?" என்று கேட்டீர்கள்.

மறுநாளிலிருந்து அண்ணை உங்களை வேலைக்கு விடவில்லை. வாசற்கதவை வெளியால் பூட்டிக்கொண்டு போவார். நான் பள்ளிக்கூடத்தால் வந்து திறக்கும்போது யன்னலடியில் நிற்பீர்கள். ஆம், என்னிடமும் ஒரு திறப்பு இருந்தது. நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் நீட்டவில்லை.

பத்தாம் நாள் அண்ணை என்னை மேசைக்குக் கூப்பிட்டார். "உனக்குத்தானே நல்ல டொச் தெரியும். இனித் தேடி வரவேண்டாம் எண்டு அவனுக்கு எழுது."

ஜெர்மனில் எழுதினேன். தாளை உங்களிடம் நீட்டினார். "கையெழுத்தை வை. இல்லாட்டி இண்டைக்கே ஊரிலை அம்மாவுக்கு ரெலிபோன் எடுக்கிறன். மனிசி தாங்காது."

உங்களால் வாசிக்க ஏலாத அந்தத் தாளில் தமிழில் கையெழுத்திட்டீர்கள். கானாக்காரர் தனியே ஸ்டுட்கார்ட் போனார். பிறகு ஒரு தகவலும் இல்லை.

அண்ணை கொண்டுவந்த மாப்பிள்ளைகளில் ஒருவரையும் நீங்கள் கட்டவில்லை. அவருடைய பிள்ளைகளை வளர்த்தீர்கள். ஜெர்மன் கடவுச்சீட்டு கைக்கு வந்த பிறகும் அதே பின்னறைதான். "இனி எங்கை போறது?" என்பீர்கள்.

படம் முடிந்து ட்ராமுக்குக் காத்து நின்றோம்.

"அவன் கையெழுத்து வைக்கேல்லை, பாத்தியே," என்றீர்கள். பிறகு, "அண்டைக்கு நீ என்ன எழுதினனி?"

இத்தனை வருடத்தில் அன்றுதான் கேட்டீர்கள்.

"அண்ணை சொன்னதைத்தான்."

"அப்ப சரி. அது அண்ணையின்ர கதை, என்ர இல்லை எண்டு அந்தாளுக்கு விளங்கியிருக்கும்."

உங்கள் முகம் ஆறுதலடைந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் வாய் திறக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் நீங்கள் கிடந்த ஆறு கிழமையும் பக்கத்தில் இருந்தேன். அப்போதும் முடியவில்லை.

அக்கா, அண்ணை சொன்னது ஒரு வரி. அதோடு விட்டால் அந்தாள் நம்பமாட்டார், தேடி வருவார், வீட்டில் மறுபடி சண்டை வரும் என்று பயந்தேன். இரண்டாவது வரியை நானாகச் சேர்த்தேன். ஜெர்மனில் எழுதிய அதை இப்போதுதான் முதல் தடவையாகத் தமிழில் எழுதுகிறேன்: 'நான் உம்மை ஒருநாளும் விரும்பியதில்லை.'

அதைச் சொன்னது அண்ணை இல்லை, அக்கா.