குளிர் கொடுத்த இரண்டு விநாடி

நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் பட்டறையும் நலமா? ஆறு மாதமாக நீ போனை எடுக்கவில்லை. எடுத்தாலும் சண்டைதான் போடுவோம். காகிதத்தில் என்றால் எழுதியதை அடிக்கவாவது முடியும்.

மே மாத ரேஸில் கொதித்து நின்றதே நம் கார், அதன் எஞ்சினை ஆகஸ்டிலேயே சரிசெய்துவிட்டேன். செப்டம்பர் வெயிலில் ஒரே ஒரு சுற்று ஓட்டினேன். பிறகு எஞ்சின் சூட்டைத் தணிக்கும் பெரிய ரேடியேட்டரும், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் புதிதாகப் பொருத்தினேன். நேற்றுக் காலை ஓட்டினால், சுற்றுக்கு இரண்டு விநாடி குறைந்திருக்கிறது! டிரைவிங் ஸ்கூலில் என் மாணவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். நீதான் இல்லை.

உன் தங்கை,
சுண்டெலி

நவம்பர் 21

சுண்டெலிக்கு,

உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறியது போலத்தான் இருக்கிறது.

இரண்டு விநாடி என்றதும் சந்தோஷம்தான். ஆனால் தலைகால் புரியாமல் ஆடாதே. அன்று வெயில், இன்று குளிர். குளிர்ந்த காற்று அடர்த்தியானது; ஒவ்வொரு மூச்சிலும் எஞ்சினுக்குக் கூடுதல் காற்று, அதனால் கூடுதல் பலம். அது சும்மா கிடைத்த இனாம். நம்பாவிட்டால், பழைய பாகங்களையே திரும்ப மாட்டி, அதே குளிரில் ஓட்டிப் பார். வந்ததை மறைக்காமல் எழுது.

குளிரில் டயர் சூடாகும் முன் வளைவில் விரட்டாதே, வழுக்கும். சொன்னால் கேட்கும் ஆளா நீ? மே மாதம் எஞ்சின் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்ட பிறகும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியவள்தானே.

அக்கா

டிசம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

பழையதை மாட்ட ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. நீ சொன்னதுதான் சரி. பழையதற்கும் புதியதற்கும் கண்ணிமைக்கும் நேரம்கூட வித்தியாசமில்லை. இரண்டு விநாடியும் குளிருடையது. ஒப்புக்கொள்ள மனசு வராமல் மூன்று நாள் கழித்து எழுதுகிறேன்.

வெயில் வரட்டும், இரண்டையும் மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன்.

டயர் விஷயம்: முதல் வளைவிலேயே புல்லுக்குள் போய் நின்றேன். யாரிடமும் சொல்லிவிடாதே.

சுண்டெலி

டிசம்பர் 20

சுண்டெலிக்கு,

சொல்லவில்லை. நம் பட்டறை பெயின்டரிடம் மட்டும்தான் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் வாளி கவிழ்ந்தது.

மறைக்காமல் எழுதினாயே, அது பிடித்தது. கையுறை அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொண்டு வேலை செய்.

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

கையுறை சரியாக இருக்கிறது. நேற்றுப் பகல் நல்ல வெயில். தார் கொழகொழவென்று இருந்தது.

புதிய பாகங்களோடு பத்துச் சுற்று. முதல் சுற்று குளிர்காலத்தைவிட மந்தம்தான். ஆனால் பத்தாவது சுற்றும் முதல் சுற்றைப் போலவே ஓடியது. முள் அசையவில்லை.

பிறகு பழையதை மாட்டினேன். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது போல மெதுவாகத்தான் ஓட்டினேன். நாலாவது சுற்றில் முள் சிவப்பைத் தொட்டது. உடனே நிறுத்திவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். வேறெதுவும் நான் எழுதப்போவதில்லை.

அடுத்த மாதம் அதே ரேஸ். பெயர் கொடுத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

சுண்டெலி

ஏப்ரல் 28

என் தங்கத்துக்கு,

நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். எடை குறையட்டும் என்று அந்தச் சின்ன ரேடியேட்டரைப் போட்டது நான். நீ முழுசாக அழுத்தியிருந்தாலும், பாதி அழுத்தியிருந்தாலும் கார் அன்று நின்றுதான் இருக்கும். அது தெரியாமல், அத்தனை பேர் முன்னால் "உனக்கு ஓட்டவே தெரியல, எறங்கு கீழ"ன்னு கத்தினேன். நீ ஹெல்மெட்டைக் கழற்றாமலே நடந்து போனாய். உள்ளே அழுதுகொண்டிருந்தாய் என்று எனக்கு அப்போதே தெரியும்.

நேற்று டீ நேரத்தில் பட்டறை ஆட்களைக் கூப்பிட்டு, "அன்னைக்கு அவ மேல தப்பில்ல, தப்பு என்னோடது"ன்னு சொன்னேன். பெயின்டர், "இத எங்ககிட்ட சொல்லி என்னம்மா ஆகப்போகுது? அவகிட்டப் போய்ச் சொல்லுங்க"ன்னார்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறுகிறேன். பட்டறையை அவர் பார்த்துக்கொள்வார். ரேஸ் முடியும்வரை உன்னோடுதான் இருப்பேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதானால் ஒரு நாள் வைத்துக்கொள், ஆட்சேபணை இல்லை. சனிக்கிழமை காரில் நமக்கு வேலை இருக்கிறது.

உன் அக்கா