இரண்டு டைமன்

ஆகஸ்ட் 10, 2025

ஷரீபுன்னிசா ஒருவழியாக ஒப்புக்கொண்டாள். பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் நாங்கள் ஜோடி சேர்ந்து இத்தனை வருடத்தில் அவள் என்னோடு இவ்வளவு வாதாடியதே இல்லை.

நான் ‘ஒரு டைமன்’ என்று ஏலத்தைத் தொடங்குகிறேன், அவள் கையிலும் டைமன் நிறைய இருக்கிறது என்றால், இதுவரை சுமாரான கைக்கு ‘இரண்டு’ சொல்வாள், கனமான கைக்கு, அதாவது பெரிய சீட்டுகள் நிறைய இருந்தால், ‘மூன்று’. இனி தலைகீழ். சுமாரான கைக்கு ஒரே தாவலாக ‘மூன்று’. எதிராளி வாய் திறக்க இடம் இருக்காது. கனமான கைக்கு வெறும் ‘இரண்டு’. அதற்குமேல் நாங்கள் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். ஆனால் அந்த ‘இரண்டு’க்கு நான் பாஸ் வைத்து ஏலத்தை நிறுத்தவே கூடாது.

“நல்லாத்தானேக்கா போய்க்கிட்டு இருக்கு, எதுக்கு மாத்தணும்?” என்றாள். துலூஸில் எல்லோரும் இப்படித்தான் ஆடுகிறார்கள் என்றேன். பிரான்சைச் சொன்னால் அவள் அடங்கிவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 24

எங்கள் ஊர் பிரிட்ஜ் சங்கத்தில் சிவக்குமார்–மங்கையர்க்கரசி ஜோடியோடு ஆடினோம். ஷரீபு புது முறையில் ஒரு தடவைகூடத் தவறவில்லை. மீன் அலசும்போதுகூடச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறாளாம். நான்தான் தடுமாறினேன். பரவாயில்லை, புதுச்சேரிப் போட்டிக்குள் சரியாகிவிடும்.

செப்டம்பர் 14, புதுச்சேரி

எப்படி எழுதுவது?

நான் ஒரு டைமன். ஷரீபு இரண்டு டைமன். நான் பாஸ் வைத்தேன். யோசிக்கவே இல்லை, கை தானாகப் போய்விட்டது. முப்பது வருடப் பழக்கம்.

ஷரீபு தன் சீட்டுகளை மேசையில் விரித்தாள். ஏஸ், ராஜா, எல்லாமே அவளிடம். ‘இரண்டு’ என்றால் எட்டுப் பிடி; அதோடு நின்ற ஆட்டத்தில் பன்னிரண்டு பிடித்தேன். பன்னிரண்டு என்று ஏலம் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் ஸ்லாம், அந்தப் பெரிய வெற்றி, போயே போய்விட்டது. நான் என்ன செய்திருக்கிறேன் என்று அந்த நொடியே புரிந்துவிட்டது. வாய் மட்டும் கேட்கவில்லை.

“இவ்வளவு கைய வச்சுக்கிட்டு யாராவது ரெண்டு சொல்வாங்களா?” என்றேன்.

எதிரணிச் சென்னைக்காரர் அவளிடம் சாதாரணமாகத்தான் கேட்டார்: “உங்க ஜோடியில ரெண்டு டைமன்னா என்னங்க?”

“கனமான கைங்க. அக்காவும் நானும் பேசி வச்சதுதான்.”

“அப்படி ஒண்ணும் பேசலையே,” என்றேன் நான்.

பேசலையே! நான்தான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சீட்டுகளை அடுக்கி உறையில் வைத்தாள். மீதி ஆட்டத்தில் ஒரு பிழையும் செய்யவில்லை.

செப்டம்பர் 15

ஊர் திரும்பும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. தரங்கம்பாடி வந்தபோது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“தோத்தா தோத்துட்டுப் போறோம்க்கா. நாலு பேர் முன்னால என்னைப் பொய்க்காரியா ஆக்கிட்டீங்களே.”

தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். சீ.

செப்டம்பர் 28

சங்கத்துக்கு அவள் வரவில்லை.

அக்டோபர் 9

மன்னிப்புக் கேட்கத்தான் அவள் வீட்டுக்குப் போனேன். “வாங்க” என்றாள். தம்ரூட் இனிப்பும் தேநீரும் வைத்தாள். எதிரே உட்காரவில்லை, கதவோரமாகவே நின்றாள்.

நான் என்ன பேசினேன் தெரியுமா? அந்தக் கையைப் பற்றிப் பேசினேன். முதலில் ஸ்பேடைக் காட்டியிருந்தால் எனக்கு ஞாபகம் வந்திருக்குமே என்றேன். போகிற வழியெல்லாம் ‘என் தப்புதான் ஷரீபு’ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு போனவள்! ஆசிரியையாக இருந்தபோது எத்தனை பிள்ளைகளை மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறேன். எனக்கு மட்டும் ஏன் அந்த ஒரு வரி வரவில்லை?

“தேத்தண்ணி ஆறுது, குடிங்க,” என்றாள் ஷரீபு. குடித்தேன். வந்துவிட்டேன்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். மழையில் மெழுகுவத்தி நிற்கவில்லை. செத்துப்போனவர்களிடம் எல்லாவற்றையும் சொல்ல முடிகிறது.

நவம்பர் 23

சிவக்குமார் வந்திருந்தார். சங்கடத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“மங்கையர்க்கரசி இனிமே ஷரீபு அம்மாவோட ஆடறாங்களாம், மதாம். நீங்களும் தனியா, நானும் தனியா...”

சரி என்றேன். நல்ல மனிதர், இன்னும் பிரெஞ்சு வழக்கில் ‘மதாம்’ என்றே கூப்பிடுவார். பழைய முறையில்தான் ஆடுவேன் என்றார். அதற்கும் சரி என்றேன்.

டிசம்பர் 25

ஷரீபு வீட்டுக்குக் கேக் கொடுத்தனுப்பினேன். தட்டைக் கழுவி, வாழைப்பழம் வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஒரு போன் இல்லை.

ஜனவரி 11, 2026

சங்கத்தில் இன்று எனக்கும் சிவக்குமாருக்கும் எதிரணி அவர்கள். ஷரீபு ஒரு டைமன் என்றாள். மங்கையர்க்கரசி இரண்டு டைமன் என்றாள். ஏலத்துக்குத் தனி அர்த்தம் ஏதாவது இருந்தால் கூட்டாளி மேசையைத் தட்டிக் காட்ட வேண்டும். எதிராளி கேட்டால் விளக்கியே தீர வேண்டும். ஷரீபு தட்டினாள்.

அடுத்த முறை என்னுடையது. என்னிடம் ஒன்றுமில்லை, பேசாமல் பாஸ் வைக்க வேண்டிய கை.

“அப்படின்னா என்ன?” என்று கேட்டேன்.

சிவக்குமார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“கனமான கை. நான் பாஸ் வைக்கக் கூடாது,” என்றாள் ஷரீபு, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். அக்டோபருக்குப் பிறகு இன்றுதான் அவள் என்னிடம் பேசுகிறாள்.

“ரெண்டு பேரும் பேசி வச்சதா?”

இப்போது என்னைப் பார்த்தாள்.

“ஆமாங்க. பேசி வச்சதுதான்.”

விதிப்படி அதற்குமேல் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. பாஸ் வைத்தேன்.