ஆறினால் எழும்பும் என்று நீ தந்த கார்

மச்சான்,

இன்று மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு பாலாவியில் பெற்றோல் அடிக்க நிறுத்தினேன். கொளுத்தும் வெயில், என்ஜின் சூடு காலில் அடித்தது. சாவியைத் திருப்பியதும் ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆனது. சந்தோசப்பட வேண்டிய நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டேன். பின்னால் நின்ற லொறிக்காரன் ஹோன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன். பிழையைத் தெரிந்துகொண்டே இந்தக் காரை எனக்கு விற்றிருக்கிறாய் என்பது போன கிழமைதான் தெரிய வந்தது. நீ மௌத்தாகி மண்ணுக்குள் போய் மூன்று மாதம். இனி யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

விற்க வந்த அன்று விடிய, சுபஹ் தொழுத கையோடு தில்லையடியிலிருந்து மாம்புரியில் என் வீட்டுக்குக் காரைக் கொண்டு வந்தாய். "வெயிலுக்கு முந்தி ஓட்டிப் பாரு மச்சான்" என்றாய். குளிர்ந்த காலையில் அது குதிரை மாதிரி ஓடியது. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாம். உன் காரை இன்னொருவனிடம் காட்டிச் சரி பார்ப்பது உன்னைச் சந்தேகப்படுவதாகிவிடும் என்று நினைத்தேன். மடையன் நான்.

ஒரு மாதம் போகவில்லை. தூரம் ஓடிச் சூடேறினால் நடு றோட்டில் நின்றுவிடும். பிறகு அரை மணி நேரத்துக்கு எழும்பாது. உன்னிடம் சொன்னால் சிரித்தாய். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். ஒனக்கு ஓட்டத் தெரியா, காருக்கு ஏசுறியா?" பிளக் மாற்றினேன், பில்டர் மாற்றினேன், ரேடியேட்டரைக் கழுவினேன். கடைசியில் என் காலையே சந்தேகப்பட்டேன். மனைவி பக்கத்தில் இருந்தால் கிளட்ச்சை மிதிக்கவே கூச்சமாக இருந்தது.

ஒரு நாள் நீயும் கூட வரும்போது நின்றது. பொனட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தென்னை நிழலில் இருந்தோம். இளநீர் வாங்கித் தந்தாய். "ஆறட்டும் மச்சான், தானா எழும்பும்" என்றாய். பழைய கதையெல்லாம் கதைத்து வயிறு நோகச் சிரித்தோம். எனக்கு அது நல்ல பகல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு என்னோடு இளநீர் குடித்திருக்கிறாய். காரை விற்றதைக் கூடப் பொறுப்பேன், அந்தப் பகலைப் பொறுக்க முடியவில்லை.

நீ மௌத்தான செய்தி பகல் பதினொன்றரை மணிக்குத்தான் வந்தது. லுஹரோடு அடக்கம் என்றார்கள். அழுதுகொண்டே ஓட்டி வந்தேன். உப்பளம் தெரியும் இடத்தில் கார் நின்றது. இரண்டு பஸ் போனது, நான் கை காட்டி மறிக்கவில்லை. நீ பழக்கிவிட்டபடி, ஆறினால் எழும்பும் என்று காத்திருந்தேன். கடைசியில் ஒரு லொறியில் தொற்றிக்கொண்டு மையவாடிக்கு வந்தபோது மண் போட்டு முடித்து ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிடி மண் கூட நான் உனக்குப் போடவில்லை.

உன் தம்பி என்னைக் கட்டிப் பிடித்தான். "நானா, ஜனாஸாவ வெச்சி எல்லாருக்கிட்டயும் மன்னிப்புக் கேட்டம். அந்த நேரம் நீங்க இல்ல. எங்கட காக்கா சொல்லாலயோ செயலாலயோ ஒங்கள நோவிச்சிருந்தா மன்னிச்சி ஹலாலாக்கிக்கொள்ளுங்க."

"என்ன கதை இது தம்பி? அவன்ல எனக்கு ஒரு மனக்கொறையும் இல்ல" என்றேன். மனதாரச் சொன்னேன்.

போன கிழமைதான் காரைப் பாலாவியில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் சூடேறும்வரை ஓட்டி, நின்றதும் என்ஜின் பக்கத்தில் இருந்த ஒரு சின்னச் சென்சர் மீது போத்தல் தண்ணீரை ஊற்றினான். உடனே ஸ்டார்ட் ஆனது. "சூட்டுல இது வேல செய்யா. மாத்தினாச் சரி" என்றான். பிறகு நம்பர் தகட்டைப் பார்த்தான். "இது தில்லையடிக்காரர்ட கார்தானே? விக்க முந்தி இதே மாதிரித் தண்ணி ஊத்திக் காட்டினேனே. 'விக்கப் போற காருக்கு என்னத்துக்கு?' எண்டாரு."

வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

தொழுதுவிட்டுக் கையேந்தினால் உன் பெயர் பழக்கத்தில் வாய்க்கு வருகிறது. உனக்காகக் கேட்கிறேன், கேட்டுவிட்டுக் கோபப்படுகிறேன். அன்று உன் தம்பியிடம் சொன்ன மன்னிப்பு எதற்கென்று தெரியாமல் சொன்னது. அது உனக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. ஒரு மௌலவியிடம் கேட்கலாம்; கேட்டால் உன் பிழையைச் சொல்ல வேண்டி வரும், அதற்கும் மனம் வரவில்லை. உன் தம்பி எதிரே வந்தால் வேறு ஒழுங்கையால் திரும்பிவிடுகிறேன். இன்னொரு தடவை அவன் கேட்டால், மன்னிக்கவில்லை என்று சொல்லிவிடுவேன் மச்சான். அதுதான் பயம்.