‘லான்ட்ரெவன்’ கப்பல் மணியின் உட்புறம்

அனுப்புநர்
ஹானிபல் ட்ரெம்பாத்,
முன்னாள் தலைமை மாலுமி, ‘லான்ட்ரெவன்’ போர்க்கப்பல்,
கயிற்றுப்பட்டறைத் தெரு, லான்ட்ரெவன், கார்ன்வால்.

பெறுநர்
நகரமன்றச் செயலர் அவர்கள்,
நகர மண்டபம், லான்ட்ரெவன்.

பொருள்: மண்டப வாசலில் தொங்கும் கப்பல் மணியின் உட்புறத்தைத் தேய்ப்பதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய ‘லான்ட்ரெவன்’ கவசக் கப்பலில், அது முதன்முதலாகக் கடலுக்குப் போன நாளிலிருந்து உடைப்புக்கு விற்கப்பட்ட நாள்வரை பணிபுரிந்தவன் நான். நான்கு புகைபோக்கிகள் கொண்ட அக்கப்பல் சீனக் கடலிலும் மத்தியதரைக் கடலிலும் நாட்டுக் கொடியைக் காட்டி வலம் வந்தது; போர்க்காலத்தில் வட அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போனது. அதன் பெரிய பீரங்கிகள் சுட்டதெல்லாம் பயிற்சி இலக்குகளைத்தான். அத்தனை தடிமனான கவசத்தில் விழுந்த ஒரே அடி, மால்டா துறைமுக மேடையில் நாங்களே போய் மோதியது. இதில் எனக்கு வெட்கமில்லை. நாங்கள் காவல் போன கப்பல்களில் பெரும்பாலானவை கரை சேர்ந்தன.

2. இன்று அக்கப்பலில் எஞ்சியிருப்பது அந்த வெண்கல மணி மட்டுமே. அதைக் கேட்டு வாங்கி வந்த மன்றத்துக்கு என் நன்றி. கப்பல்காரர்களின் குழந்தைகளுக்குக் கப்பலிலேயே ஞானஸ்நானம் கொடுப்பது எங்கள் வழக்கம். மணியைக் கழற்றித் தலைகீழாக வைத்து நீர் நிரப்புவோம், பாதிரியார் பெயரிடுவார். பிறகு ஆயுதப் பட்டறைக்காரர் அப்பெயரை மணியின் உட்புறத்தில் பொறிப்பார். வெளிப்புறத்தைத் தினமும் தேய்ப்போம். உட்புறத்தில் ஒருவரும் கைவைக்க மாட்டோம்.

3. என் மகள் லவ்டேயின் பெயர் அதில் இருக்கிறது. மால்டாவில் பிறந்தவள், நடை பழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். அங்கேயே அடக்கம் செய்தோம். அந்தக் கல்லறைக்கு இனி நான் போகப்போவதில்லை. சந்தைக்கு வரும்போதெல்லாம் மணிக்குள் கைவிட்டு அவள் பெயரைத் தடவிவிட்டுப் போவேன். சென்ற வருடம் விரலில் அழுத்தமாகத் தட்டுப்பட்ட எழுத்துகளை இப்போது தேட வேண்டியிருக்கிறது.

4. தேய்ப்பவர் மண்டபக் காவலர் ஜேபெஸ் ஹிக்ஸ். அதே கப்பலில் கொதிகலனுக்குக் கரி அள்ளியவர். மேல்தள வழக்கம் அவருக்குத் தெரிய நியாயமில்லை. சண்டை போடும் எண்ணத்துடன்தான் போனேன். கையில் செங்கல் பொடியும் துணியுமாகத் தலையை மணிக்குள் விட்டு நின்றிருந்தார். என் குரல் கேட்டதும், “வாய்யா மேல்தளத்து மகராசா, கை அழுக்காகாத ஆளாச்சே நீ!” என்று வரவேற்றார். பிறகு அவராகவே சொன்னார்: “உள்ள என் பையன் டிகரி பேரு இருக்குல்ல? கடலோட போனவனுக்கு ஒரு கல்லு நடக்கூட வழியில்ல. இதாவது மின்னட்டுமேய்யா. உன் பொண்ணு பேரையும் சேத்துத்தான் தேய்க்கிறேன், கவலைப்படாத.” அவர் மகன் டிகரி இரண்டு குளிர்காலத்துக்கு முன் மீன்பிடிப் படகோடு காணாமல் போனவன்.

5. அவர் கைகாட்டிய இடத்தை விளக்குப் பிடித்துப் பார்த்தேன். அங்கே பெயரே இல்லை. கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தது. உலை வெளிச்சத்தில் கண் மங்கிப்போனவர், கரி அள்ளிக் கை காய்த்துப் போனவர். அவருக்கு அது பார்த்தும் தெரியாது, தடவியும் தெரியாது. “எப்படி, பளபளன்னு இருக்கா?” என்று கேட்டார். “நல்லாருக்குப்பா” என்றேன். ஐயா, அதை மாற்றிச் சொல்ல என்னால் முடியாது. ஆகவேதான் நேரில் பேசாமல் தங்களுக்கு எழுதுகிறேன்.

6. மணியின் உட்புறத்தைத் தேய்க்கக் கூடாது என்று தாங்கள் ஆணையிட வேண்டும். மெருகுச் செலவு கூடிவிட்டது என்றோ வேறெதையோ காரணமாகக் காட்டலாம். உண்மைக் காரணம் அவர் காதுக்கு எட்டக் கூடாது. அவர் மன்றத்தைக் கஞ்சர்கள் என்று ஊரெல்லாம் ஏசுவார். நானும் கூடச் சேர்ந்து ஏசுவேன். அதற்கு இப்போதே மன்னிப்புக் கோருகிறேன்.

7. எங்கள் பழைய ஆயுதப் பட்டறைக்காரர் பக்கத்து ஊரில்தான் இருக்கிறார். உளியோடு வரச் சம்மதித்துவிட்டார். ஜேபெஸ் வழிபாட்டுக்குப் போகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபச் சாவியை எங்களிடம் தந்து உதவ வேண்டும். ஒரு காலையில் ஒரு பெயர்தான் பொறிக்க முடியுமாம். டிகரியின் பெயரைப் பொறிக்கச் சொல்லியிருக்கிறேன். லவ்டேயின் பெயரில் இன்னும் சில எழுத்துகள் மிச்சமிருக்கின்றன, அவள் பொறுத்துக்கொள்வாள்.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
ஹானிபல் ட்ரெம்பாத்

இடம்: லான்ட்ரெவன்
நாள்: 9 நவம்பர் 1931