வார்னிஷ் பூசிய எலும்பு

இஞ்சருங்கோ, என் அன்பானவரே,

நீங்கள் போய் ஒரு வருசம்; உங்கள் ஆட்டைத் திவசம் முந்தாநாள் முடிந்தது. வீடு இன்னும் நாறுகிறது. சாப்பாட்டால் அல்ல, லண்டனிலிருந்து வந்த உங்கள் தம்பியால்.

சாட்டிக் கடற்கரைக் காணியில் தென்னம்பிள்ளை நட ஆழக் கிடங்கு வெட்டும்போது ஒரு கூரான எலும்பு எடுத்தீர்களே. இரும்பு தெரியாத காலத்து மனிதர் கல்லால் சீவியது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவீர்களே. அதைத் தம்பி சாண்ட்பேப்பரால் தேய்த்து, வார்னிஷ் பூசி, கண்ணாடிப் பெட்டியில் போட்டு, உங்கள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார்.

"இப்பதான் அண்ணி, பார்க்க ஒரு சாமான் மாதிரிக் கிடக்கு" என்றார்.

அதிலிருந்த கீறுகள்தானே எல்லாம், அத்தனையும் தேய்ந்து போயிற்றே! கத்தி சுத்தமாக ஒரு கோடு போடும், கல்லின் விளிம்பு பிசிறு பிசிறாகப் பல கோடு இழுக்கும் என்பீர்கள். அதை ஒப்பிட்டுப் பார்க்க நீங்கள் ஆடிய கூத்தை மறப்பேனா? மான்கொம்பையும் மாட்டெலும்பையும் வாளியில் ஊறப்போட்டு, கூரான வெள்ளை வெங்கச்சங்கல் சில்லால் நாள் முழுக்கச் சுரண்டினீர்கள். சைவ வீட்டில் அப்படியொரு நாற்றம்! மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தேத்தண்ணி தந்தேன். இந்த வார்னிஷ் மணத்துக்கு அது எவ்வளவோ பரவாயில்லை.

திவசத்தன்று, எலும்பைப் பார்க்க வரும் என்று நீங்கள் காத்துக் காத்திருந்த பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிள்ளை வந்தது. எலும்பை லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தது. பிறகு இன்னும் வாளிக்குள் கிடந்த உங்கள் கொம்புத் துண்டுகளைப் பார்த்தது.

"அம்மா, குறை நினைக்காதேங்கோ. ஐயா செய்து பார்த்ததில இதுவும் ஒண்டோ?"

உண்மையைக் காட்டச் சுரண்டியதே உங்களைப் பொய்க்காரன் ஆக்கிவிட்டதே! தம்பியோ பாயாசத்தை உறிஞ்சிக்கொண்டு, "அண்ணை கைவேலையில சரியான கெட்டிக்காரன்" என்று பெருமையாகச் சிரிக்கிறார். பளபளப்பைத் தவிர ஒரு மனிதனின் கண்ணில் வேறொன்றும் படாதா?

"இல்லைப் பிள்ளை," என்றேன். "இவர் ஒண்டைத்தான் எடுத்தவர். கிடங்குக்குள்ள இன்னும் கிடக்கு. தெரிஞ்ச ஆக்கள் வந்து எடுக்கட்டும் எண்டு மண் போட்டு மூடினவர். நான் பக்கத்தில நிண்டனான்."

தம்பியின் சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தக் காணியில் விடுதி கட்டும் எண்ணத்தோடுதான் ஆள் வந்ததே.

"அண்ணி, வாற கிழமை மண் தோண்டுற மெஷின் வருது. இனி நிப்பாட்ட ஏலாது."

"அது என்ர சீதனக் காணி, தம்பி. உம்மட அண்ணையே என்னைக் கேட்டுத்தான் அதில மண்வெட்டி வைச்சவர். நீர் ஆரைக் கேட்டனீர்?"

கண்ணாடிப் பெட்டியைத் தூக்கி அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். லண்டனுக்குக் கொண்டு போகட்டும்.

அந்தப் பிள்ளை முறைப்படி தோண்ட அனுமதி எடுத்துக்கொண்டு ஆட்களோடு வருகிறேன் என்றிருக்கிறது. கிடங்கில் ஒன்றும் கிடைக்காவிட்டால்? ஆனாலும் சொல்கிறேன், கேளுங்கோ. கல்லுக் கீறு அழியாத எலும்பு ஒன்றைக் கையில் வைத்து, "ஐயா சொன்னது சரி" என்று அந்தப் பிள்ளை தன் வாயால் சொல்லும்வரை, எந்த மெஷினும் அந்தக் காணி வாசல் படலையைத் தாண்டாது. தாண்டுவதென்றால் என்மேல் ஏறித்தான் தாண்ட வேண்டும்.

உங்கள் சொல்லுக்குக் காவல் நிற்கும்,
உங்கள் மனுசி