ஒரு நாள் சிறுநீர்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பகலில் எழுத வாண்டு விடுவதில்லை. பேனாவைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்கிறாள். இப்போதுதான் தூங்கினாள்.

நீ, அத்தான், குழந்தைகள் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன் என எழுதுவதுதான் வழக்கம். நீ நலமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருப்பதால் அதை எழுதவில்லை. போனில் சொல்லலாம்தான். நீ ஸ்பீக்கரில் போடுவாய், அத்தான் பக்கத்திலிருந்து ஒரு ஜோக் அடிப்பார், நீ சிரிப்பாய், விஷயம் அதோடு போய்விடும். கடிதத்துக்கு நடுவில் யாரும் ஜோக் அடிக்க முடியாது. கடைசிவரை படி.

வாண்டு பிறந்ததிலிருந்து எனக்கு வருவது உனக்குத் தெரியும். அவளைக் குளிப்பாட்டக் குனிந்தால் போதும். மண்டையைப் பிளக்கிற வலி. நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்ளும். முகம் வெளுத்து, உடுத்தியிருப்பதைப் பிழிகிற அளவுக்கு வியர்க்கும். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி அடங்கிவிடும். தெருமுனை டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "முதல் குழந்தை, வேலைக்கும் போறீங்க, படிச்ச பொண்ணு வேற. கண்டதையும் நெட்ல படிச்சுப் பயந்துக்கறீங்க" என்றார். வீட்டுக்காரர், "டாக்டரே சொல்லிட்டாரேம்மா" என்றார். மாமியார் ஒருபடி மேலே போய், "நானும்தான் மூணு பெத்தேன், எனக்கு எங்க வேர்த்துச்சு?" என்றார். என் வியர்வைக்குக் காரணம் என் படிப்புதான் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டார்கள்.

நான் கேட்கவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி ஒன்று வாங்கி, அடுத்த தடவை வந்தபோதே கையில் மாட்டிப் பார்த்தேன். எண் கிடுகிடுவென்று ஏறியது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றால் நம்புவாயா? போட்டோ எடுத்துக்கொண்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே சுரப்பி வியாதிகளைப் பார்க்கிற டாக்டரம்மா போட்டோவை இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் முழுவதும் போகிற சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்.

பயமோ கோபமோ வந்தால் உடம்பில் ஒரு ஹார்மோன் சுரக்குமாம். வேலை முடிந்ததும் அது உடைந்து, அந்தக் கழிவு சிறுநீரில் வெளியேறும். சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பியில் கட்டி இருந்தால், பயப்பட ஒன்றுமே இல்லாதபோதும் அது கொட்டோ கொட்டென்று கொட்டும். டாக்டரைப் பார்க்கிற நேரத்தில் எல்லாம் அடங்கியிருந்தாலும், அன்றைய கழிவு அன்றைய சிறுநீரில் இருக்கும். காபி கூடாது, சளி மாத்திரை கூடாது என்று சொல்லி, லேபில் ஒரு பெரிய கேன் கொடுத்தார்கள். கெடாமல் இருக்க அடியில் கொஞ்சம் அமிலம் ஊற்றி, "அமிலம், கவனம்" என்று சீட்டும் ஒட்டியிருந்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததைக் கேட்டால் சிரிப்பாய். ஃப்ரிட்ஜில் வைக்க மாமியார் விடவில்லை. "சாப்பிடற பொருள் இருக்கற எடத்துல அதையா?" என்று கதவை மறித்துக்கொண்டு நின்றார். சரி என்று பாத்ரூம் மூலையில் ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சேர்த்தாகிவிட்டது. மறுநாள் காலை கடைசித் தடவைக்காகப் போனால் கேன் காலி. தரை பளிச்சென்று இருக்கிறது. மாமியார் கையில் பிரஷ். சீட்டைப் படித்துவிட்டு, மகன் பாத்ரூம் கழுவ வாங்கி வைத்த ஆசிட் என்று நினைத்து மொத்தத்தையும் ஊற்றித் தேய்த்துவிட்டார். போதாததற்கு, "என்ன ஆசிட்டுடா வாங்கியிருக்க, நுரையே வரல, நாத்தம் வேற குடலைப் புடுங்குது" என்று அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் குளிக்கப் போன மாமியார் மதியம்வரை வெளியே வரவில்லை.

இதோடு விடும்மா என்றார் வீட்டுக்காரர். விடுவேனா? இன்னொரு கேன் வாங்கி வந்தேன். இந்தத் தடவை வீட்டை நம்பவில்லை. ஐஸ் பையில் வைத்து ஆபீஸுக்கே தூக்கிக்கொண்டு போனேன். வரைபட மேசைக்கு அடியில், காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தின் மாடிப்படியை வரைந்தேன். பக்கத்து மேசைக்காரர், "என்ன மேடம், பெரிய ஜூஸ் கேனா? எங்களுக்கெல்லாம் இல்லையா?" என்றார். "என் மூத்திரம் சார், ஊத்தட்டுமா?" என்றேன். அன்றைக்கு முழுக்க அந்தப் பக்கம் ஒரு ஈ, காக்கைகூட வரவில்லை. எனக்கு வெட்கமாகவே இல்லை, அக்கா. பயந்தவள் என்ற பெயரைவிட மூத்திரக்காரி என்ற பெயர் எவ்வளவோ தேவலை.

முடிவு வந்தது. அந்தக் கழிவு, இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. ஸ்கேனில் இடது பக்கம் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. ரிப்போர்ட்டைத் தெருமுனை டாக்டரின் மேசையில் விரித்து வைத்து, அவர் கடைசி வரிவரை படிக்கிற வரைக்கும் நின்றேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. வருகிற வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். அதற்காகச் சில வாரங்களாக ரத்தக் குழாயைத் தளர்த்துகிற மாத்திரை சாப்பிடுகிறேன். அது இல்லாமல், கட்டி இருப்பதே தெரியாமல் ஒருவரை மேசையில் படுக்கவைத்தால், வேறு எதற்காகக் கத்தி வைத்தாலும் அழுத்தம் எகிறி இதயமே நின்றுபோகலாம் என்றார் டாக்டரம்மா. சொல்லிவிட்டு, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார்.

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு அம்மா தானாக நடந்து போனாள். நீ அவள் செருப்பை எடுத்து வைத்துக்கொண்டாய். வெளியே வந்த டாக்டர்கள், பயத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அப்பாவும், "அவளுக்கு எப்பவுமே பயம்தானே" என்று தலையை ஆட்டினார். அம்மாவின் தலைவலியும், நெற்றியில் எப்போதும் கட்டியிருந்த ஈரத்துண்டும் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அம்மாவுக்கும் இதுதான் என்று இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். இந்தக் கட்டி சில குடும்பங்களில் தொடர்ந்து வரும், கூடப் பிறந்தவர்களைக் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்பதை மட்டும் டாக்டரம்மா உறுதியாகச் சொன்னார்.

உனக்கும் படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வகுப்பில் பாடம் நடத்தும்போதே திடீரென்று வியர்த்துக் கொட்டுகிறது. அத்தான் "டென்ஷன் டீச்சர்" என்கிறார், நீயும் கூடச் சேர்ந்து சிரிக்கிறாய். அடுத்த மாதம் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன், சின்ன விஷயம்தான், இரண்டே நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று போனில் சொன்னாய். அம்மாவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

நீ படுக்கக் கூடாது. இந்தச் சோதனை முடியாமல் அந்த மேசையில் நீ படுக்கவே கூடாது. என் ரிப்போர்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். உன் டாக்டரிடம் காட்டு. சிரித்தால் வேறு டாக்டரிடம் போ. கேனை ஆசிரியர் அறையில் எல்லோரும் பார்க்கிற மாதிரி வை. அத்தான் ஜோக் அடித்தால் அடிக்கட்டும், அந்த ஒரு நாள் மட்டும் நீ சிரிக்காதே. உனக்கு ஒன்றும் இல்லை என்று வந்தால், ஆயுள் முழுக்க என்னைக் கேலி செய், கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு உன்னை விட்டால் அம்மா ஜாடையில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஆபரேஷன் தேதியைத் தள்ளிவைத்துவிட்டேன் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி போதும். கூரியரில் அனுப்பு. வியாழக்கிழமைக்கு முன்னால் வந்துவிட வேண்டும். சீக்கிரம் பதில் போடு, அக்கா.

உன் தங்கை